அம்மாச்சியின் ஒரு நிமிடம்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

கடிகாரத்தைப் பார்க்காமலே காலம் அறிந்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். என் அம்மாச்சி அவர்களுள் ஒருவர். அரைவேக்காட்டு முட்டைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால், “மூணு நிமிஷம்” என்று சொல்லமாட்டார்கள். “ஒரு பத்து மணி” என்பார்கள். அதாவது, ஜெபமாலையில் பத்து முறை மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடிக்கின்ற நேரம். இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கொல்லைக்குப் போய்த் துணிகளை உலர்த்துவார்கள். இட்லி வெந்திருக்கும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வருவார்கள். பால் பொங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் அவர்களுடைய கை அடுப்பருகே இருக்கும். இதையெல்லாம் அவர்களுக்கு யாரும் கற்பித்ததில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, அந்தப் பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரம் கரிந்து, வீடு முழுவதும் புகை சூழ்ந்தது. அம்மாச்சி வீட்டில்தான் இருந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே அவர்களுடைய வலக்கை, மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கத் தொடங்கியிருந்தது. பால் கணக்கு எழுதும் நோட்டில் எழுத்து நாளுக்கு நாள் சிறுத்து, எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகியிருந்தது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். நடக்கச் சொல்லிப் பார்த்தார். விரல்களைத் தட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு ‘பார்க்கின்சன் நோய்’ என்றார். நடுக்குவாதம் என்று தமிழில் சொல்வது இதைத்தான்.

கை நடுங்குவது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. விளங்காமல் போனது வேறொன்று.

சென்ற ஆண்டு என் பெரியம்மா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வத்தலக்குண்டு போகவேண்டும். ஏழு மணிப் பேருந்து. ஆறு மணிக்கே அம்மாச்சியை எழுப்பிச் சேலை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். “இந்தா, ஒரு நிமிஷம் தாயி” என்றார்கள். ஆறே முக்காலுக்குப் போய்ப் பார்த்தால், சேலையின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சத்தம் போட்டேன். அதற்கு அவர்கள், “இப்பத்தானே கூப்பிட்ட? அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள். பேருந்து போய்விட்டது. மோதிரம் மாற்றி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். அன்று மாலை பெரியவர்கள் கூடிப் பேசி, அம்மாச்சிக்கு மறதி நோய் வந்துவிட்டதென்று முடிவு செய்தார்கள். அவர்களுடைய இடுப்பில் நாற்பது ஆண்டுகளாகத் தொங்கிய பீரோச் சாவி அம்மாவின் கைக்கு மாறியது. சீட்டுக் கணக்கையும் வாங்கிக்கொண்டோம். அந்தப் பேச்சில் நானும் தலையாட்டினேன். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நாங்கள் எண்ணியது முழுவதும் சரியல்ல என்பதை, பிறகு மருத்துவரிடம் கேட்டும், எங்கள் அறிவியல் ஆசிரியை எடுத்துக் கொடுத்தவற்றைப் படித்தும் அறிந்தேன்.

இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் இலண்டன் நகரத்து மருத்துவர். 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் பிறந்தவர். (அந்த நாளையே உலகப் பார்க்கின்சன் நாளாக இப்பொழுது கடைப்பிடிக்கிறார்கள்.) 1817-இல் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்தது ஆறே ஆறு பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் எதிர்ப்பட்டபோது கவனித்து எழுதினாரே தவிர, உட்காரவைத்துச் சோதிக்கவில்லை. தெருவில் போகும் ஒருவரைப் பார்த்தால் நமக்கு என்ன தெரியும்? குனிந்த முதுகும், நடுங்கும் கையும், முன்னோக்கி ஓடுவது போன்ற நடையும் தெரியும். நெஞ்சுக்குள் நடப்பது தெரியாது. ஐம்புலன்களுக்கும் அறிவுக்கும் இந்நோயால் கேடில்லை என்று அவர் எழுதிவிட்டார். பின்னர் பாரிஸ் நகரத்து சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ என்ற புகழ்பெற்ற மருத்துவர், நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே சூட்டி அவருக்குச் சிறப்புச் செய்தார். ஆனால் இந்த ஒரு கருத்தை மட்டும் ஏற்கவில்லை. மனத்தின் ஆற்றல்களும் நினைவும் நாளடைவில் தளரக்கூடும் என்று மாணவர்களுக்குக் கற்பித்தார். இருந்தும், வெகுகாலம் வரை இது உடல் அசைவின் நோய் என்றே பெரும்பாலும் கருதப்பட்டு வந்தது.

ஐம்புலன்களுக்கும் கேடில்லை என்பதும் தவறு என்று இன்று தெரிகிறது. கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூக்கு மணம் அறியும் திறனை இழந்துவிடுவது பலருக்கு நேர்கிறது. பால் கரிந்த நாளை எண்ணிப் பார்க்கிறேன். அம்மாச்சிக்கு நேரம் தெரியாமல் போயிற்றா, அல்லது கரிந்த வாடை தெரியாமல் போயிற்றா? அன்று நாங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

நோயின் வேர் எங்கே இருக்கிறது? நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் மூளையின் பகுதிகளைப் படிக்கிறோம். அதில் நடுமூளை என்று ஒன்று வருமே, அதற்குள் கறுப்பு நிறமாக ஒரு சிறு பகுதி உண்டு. இலத்தீனில் ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ என்று பெயர். கறுப்புப் பொருள் என்பதே அதன் பொருள். அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் செய்து, மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சன் நோயில் இந்த அணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. அறிகுறி வெளியே தெரியும் நேரத்தில் அவற்றில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம் நாட்டுச் செடிகள் இரண்டு வருகின்றன. சர்ப்பகந்தி என்னும் மூலிகையிலிருந்து எடுக்கப்படும் ரிசர்ப்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் முயல்கள் அசையாமல் மரக்கட்டை போல் கிடந்தன. 1957-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் அந்த முயல்களுக்கு லெவோடோபா என்னும் பொருளைக் கொடுத்ததும் அவை எழுந்துவிட்டன. மூளை லெவோடோபாவை டோபமினாக மாற்றிக்கொள்ளும். இந்த ஆராய்ச்சி வழிக்காக அவருக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. 1960-இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹார்னிகீவிச்சும், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். 1967-இல் கோட்சியாஸ் என்பவர் லெவோடோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய் வழியே கொடுத்து வெற்றி கண்டார். மற்றொரு செடி நம் வேலிகளில் படரும் பூனைக்காலி. தொட்டால் அரிக்குமே, அதுதான்! அதன் விதையில் லெவோடோபா இருக்கிறது. 1937-இலேயே சென்னையில் தாமோதரன், இராமசுவாமி என்ற இரு விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்து ஆய்விதழில் வெளியிட்டிருக்கிறார்கள். அது இந்த நோய்க்கு மருந்தாகும் என்று அப்போது உலகில் எவருக்கும் தெரியாது. (இதைப் படித்துவிட்டுத் தாத்தா பாட்டிக்கு யாரும் பூனைக்காலி விதையை அரைத்துக் கொடுத்துவிட வேண்டாம். அளவு மாறினால் ஆபத்து.)

இனி, நினைவுக்கு வருவோம். நாம் ‘ஞாபகம்’ என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூளை அதைப் பல இடங்களில் பலவிதமாக வைத்திருக்கிறது. 1996-இல் அமெரிக்காவில் நோல்ட்டன், மாங்கல்ஸ், ஸ்கொயர் என்ற மூவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வட்டம், சதுரம் போன்ற உருவங்கள் வரைந்த சில அட்டைகளைக் காட்டி, ‘மழையா, வெயிலா?’ என்று ஊகிக்கச் சொன்னார்கள். எந்த அட்டைக்கும் உறுதியான விடை கிடையாது. இந்த அட்டை வந்தால் பெரும்பாலும் மழை, அது வந்தால் பெரும்பாலும் வெயில் என்ற அளவில்தான். நலமானவர்கள் எப்படி என்று சொல்லத் தெரியாமலே நாளாவட்டத்தில் சரியாக ஊகிக்கப் பழகிவிடுவார்கள். நாம் பல்லாங்குழி பழகுவதைப் போலத்தான். பார்க்கின்சன் நோயாளிகளால் அப்படிப் பழக முடியவில்லை. ஆனால் எத்தகைய அட்டைகள் வந்தன, என்ன செய்யச் சொன்னார்கள் என்று கேட்டபோது நன்றாகவே நினைவு வைத்துச் சொன்னார்கள்! மறதி நோய் கண்ட வேறு சிலருக்கோ இதற்கு நேர்மாறாக நடந்தது. ஊகிக்கப் பழகிவிட்டார்கள், அட்டைகளைப் பற்றிக் கேட்டால் தடுமாறினார்கள்.

ஆகவே, கை தானாகப் பழகிக்கொள்கிற நினைவு ஒன்று. நடந்ததை எடுத்துச் சொல்லுகிற நினைவு மற்றொன்று. டோபமின் குறைந்தால் முதலில் அடிபடுவது முன்னது. சேலைக் கொசுவம் வைப்பதற்கு நாம் யோசிப்பதில்லை, விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. அம்மாச்சியோ ஒவ்வொரு மடிப்பையும் கணக்குப் போடுவதுபோல் யோசித்துச் செய்யவேண்டியிருக்கிறது. நடப்பதும் அப்படியே. நடந்துகொண்டிருக்கும்போது நான் ஏதாவது கேட்டால் அம்மாச்சி நின்றுவிடுவார்கள். முன்பெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். நடையையும் பேச்சையும் ஒரே சமயத்தில் யோசித்துச் செய்ய முடியாமல்தான் நிற்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

நடந்ததைச் சொல்லும் நினைவில் கேடே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது வேறு வகை. மருத்துவர் எங்கள் எதிரிலேயே ஒரு சோதனை செய்தார். சில சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்மாச்சிக்கு இரண்டே வந்தன. அம்மாவின் முகம் வாடிவிட்டது. பிறகு மருத்துவர், “அதில் ஒரு பூ இருந்ததே?” என்றார். “தாமரை” என்றார்கள். “ஒரு வாகனம்?” “ரயில்.” இப்படி மீதியில் ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. பரணில் ஏற்றி வைத்த பாத்திரங்கள் பரணிலேயே பத்திரமாக இருக்கின்றன. ஏறி எடுப்பதற்கு ஏணிதான் இல்லை. இந்நோய் கண்டவர்கள் பலருக்கு நினைவின் குறை பெரிதும் இத்தகையது என்றார். அல்ஸைமர் நோயில் ஏணி கொடுத்தாலும் பயன் குறைவு, பாத்திரமே பரண் ஏறியிருக்காது என்றும் விளக்கினார். ஒளிக்காமல் இன்னொன்றையும் சொன்னார். இந்நோய் கண்டு பல ஆண்டுகள் ஆனபின் சிலருக்கு அறிவும் நினைவும் உண்மையாகவே மங்கிவிடுவதுண்டு. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல இயலாது. அதைக் கேட்டு வீடு திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை.

பார்ப்பவர்களை ஏமாற்றும் இன்னொன்றும் இந்நோயில் உண்டு. முகத்தின் தசைகள் இறுகி, சிரிப்போ வியப்போ வெளியில் தெரியாமல் போய்விடும். 1986-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சென்னைக்கு வந்தபோது, கூட்டத்தில் வெகு தொலைவிலிருந்து அவரைப் பார்த்தவர்கள் அம்மாச்சி. அந்தத் திருத்தந்தையும் பின்னாளில் இதே நோய்க்கு ஆளாகி 2005-இல் மறைந்தார். கடைசி ஆண்டுகளில் அவருடைய முகம் அசைவற்று இருந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. முகம் அசையாவிட்டால் மனமும் அசையவில்லை என்று நாம் எளிதில் நினைத்துவிடுகிறோம். நான் நகைச்சுவை சொல்லி அம்மாச்சி சிரிக்காதபோது புரியவில்லை போலும் என்று விட்டிருக்கிறேன். மறுநாள் அதையே அவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

காலத்துக்கு வருகிறேன். காலத்தை அறிய நமக்குக் கண், காது போல் தனி உறுப்பு கிடையாது. ஆயினும் சில நொடிகள், சில நிமிடங்கள் போவதை மனம் எப்படியோ அளந்துவிடுகிறது. மூளைக்குள் ஒரு கடிகாரம் இருப்பதாக உவமையாகச் சொல்வார்கள். அதன் ஓட்டத்தில் டோபமினுக்கும் ஸ்ட்ரையேட்டத்துக்கும் பங்கு உண்டு என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், சில நொடிகள் போகவிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டபோது, பார்க்கின்சன் நோயாளிகள் உண்மையைவிடக் குறைத்துச் சொன்னார்கள். உள்ளே இருக்கும் கடிகாரம் மெல்ல ஓடினால் அப்படித்தானே ஆகும்? வெளியே பத்து நொடி ஓடியிருக்கும். உள்ளே ஏழோ எட்டோதான் ஆகியிருக்கும். ‘இப்பத்தானே கூப்பிட்ட?’ என்று அம்மாச்சி கேட்டது பொய்யுமல்ல, மழுப்பலுமல்ல. அவர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது.

1998-இல் மலபானி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இதைவிட வியப்பானது. நோயாளிகளுக்கு 8 நொடி, 21 நொடி என்று இரு கால அளவுகளைப் பழக்கினார்கள். மருந்து உட்கொண்டிருந்தபோது இரண்டையும் ஓரளவு சரியாகவே திருப்பிச் செய்து காட்டினார்கள். மருந்து இல்லாத நிலையில், 8 நொடி நீண்டுவிட்டது. 21 நொடி குறுகிவிட்டது! கடிகாரம் மெல்ல ஓடுவது மட்டுமே காரணமானால் இரண்டுமே ஒரே பக்கமாக அல்லவா தவறவேண்டும்? ஒன்று நீள, ஒன்று குறுக, இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டன. ஆகவே அளப்பதில் மட்டுமன்றி, அளந்ததை நினைவில் வைத்து எடுப்பதிலும் கோளாறு இருக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். காலமும் நினைவும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இதன்பின் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சில நோயாளிகளிடம் இந்தப் பிழை மிகுதி; சிலரிடம் காணவே இல்லை.

படித்ததைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. காலையில் மாத்திரை சாப்பிடுவதற்கு முன் அம்மாச்சியின் எதிரில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, “ஒரு நிமிடம் ஆனதும் சொல்லுங்க அம்மாச்சி” என்றேன். அவர்கள் சொன்னபோது 1 நிமிடம் 35 நொடி ஆகியிருந்தது. மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டேன். 1 நிமிடம் 10 நொடி. எனக்குப் பெருமை தாங்கவில்லை! மறுநாள் மாத்திரைக்கு முன் கேட்டேன். சரியாக 1 நிமிடம். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் 1 நிமிடம். குழம்பிப்போய் அவர்கள் முகத்தையே பார்த்தேன். உதடுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

“என்ன செய்றீங்க?”

“மூணு மங்கள வார்த்தையும் அதுக்கு மேல கொஞ்சமும் சொன்னா ஒரு நிமிஷம். நேத்து நீ சொல்லித் தொலைக்கலையே, கணக்கா வேணும்னு.”

ஆசிரியையிடம் சொன்னபோது நன்றாகச் சிரித்தார்கள். ஒரே ஆள், இரண்டே நாள். இது அறிவியல் ஆகாது என்றார்கள். எண்ணிக்கையால் காலத்தை அளந்துவிட முடியும் என்பதற்காகத்தான், இத்தகைய சோதனைகளில் எண்ணவிடாமல் வேறு ஏதேனும் வேலை கொடுப்பதுண்டு என்றும் சொன்னார்கள். ஆனால் அம்மாச்சி தானாகவே ஓர் ஏணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது. உள்ளே இருக்கும் கடிகாரம் தடுமாறினால், வாயில் வரும் ஜெபம் கடிகாரமாகிவிடுகிறது.

காலம் இப்படிப் பிறழ்வதன் எல்லையை அறிய விரும்புவோர் ஆலிவர் சாக்ஸ் என்ற மருத்துவர் 1973-இல் வெளியிட்ட ‘அவேக்கனிங்ஸ்’ என்ற நூலைப் படிக்கலாம். அதில் வருவோரின் நோய் பார்க்கின்சன் நோயே அல்ல. முதல் உலகப் போர்க் காலத்தையொட்டிப் பரவிய ஒரு மூளைக் காய்ச்சலின் பின்விளைவாக வந்த, அதைப் போன்ற நோய். நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் பல பத்தாண்டுகளாகச் சிலைபோல் இருந்த அவர்களுக்கு 1969-இல் லெவோடோபா கொடுத்தார். ரோஸ் என்று அவர் பெயர் மாற்றி எழுதிய பெண்மணி 1926-இல், 21 வயதில், உறைந்துபோனவர். விழித்தெழுந்ததும் 1926-இல் வாழ்வதுபோலவே பேசினார். தமக்கு 64 வயது என்றும் ஆண்டு 1969 என்றும் அவருக்கு அறிவால் தெரிந்தது, உணர்வால் தெரியவில்லை. இடையில் கழிந்த 43 ஆண்டுகளை அவருடைய மனம் ஏற்கவில்லை. சில வாரங்களில் மருந்தின் பயனும் குறைந்து, பழைய நிலைக்கே திரும்பிவிட்டார். அந்தப் பகுதியைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டுக் கதையில் மாத்திரையின் நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லெவோடோபா சில மணி நேரமே வேலை செய்யும். அம்மாச்சிக்கு நாளுக்கு ஐந்து வேளை. காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. பருப்பு, முட்டை முதலியவற்றிலுள்ள புரதம் மருந்தை மூளைக்குப் போகவிடாமல் போட்டியிடுவதால், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுக்கவேண்டும். ஒரு வேளை தவறினால் முதலில் நடை போகும், பிறகு பேச்சு தாழும், யோசனையும் மந்தமாகிவிடும். ஒரு முறை காய்ச்சலுக்காக ஒரு மருத்துவமனையில் மூன்று நாள் சேர்த்திருந்தோம். அங்கே எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் நேரத்தில்தான் அம்மாச்சிக்கும் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அம்மாச்சி யார் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. நினைவு போய்விட்டதோ என்று பெரியம்மா அழுதார்கள். அம்மா பொறுப்பாளரிடம் மன்றாடிப் பழைய நேரப்படி கொடுக்கவைத்த மறுநாள், “இந்தக் கஞ்சியில உப்பு யாரு போட்டது?” என்று கேட்டார்கள் அம்மாச்சி.

இதை எழுதும் நானும் குற்றமற்றவள் அல்லள். சென்ற கோடை விடுமுறையில் அம்மா வேலைக்குப் போனபின் இரண்டு மணி மாத்திரை என் பொறுப்பு. ஒரு நாள் கதைப் புத்தகத்தில் மூழ்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது மணி மூன்றரை. ‘இப்பத்தானே ஒன்றரை ஆச்சு!’ என்றுதான் எனக்குத் தோன்றியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மாச்சி அடுக்களை நிலைப்படிக்கு முன்னால் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நகரவில்லை. இந்நோயில் நிலைவாசல்களில் இப்படி நின்றுபோவது பலருக்கு நேரும். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். “இப்பத்தான்” என்றார்கள். எனக்காகச் சொன்னார்களா, அவர்களுக்கு அப்படித்தான் இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. மறதி நோய் எனக்கில்லை. என் கையிலிருந்து எந்தச் சாவியையும் யாரும் வாங்கவில்லை.

அன்றிரவு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. மறுநாள் அலாரம் வைக்கும் கடிகாரம் ஒன்று வந்தது.

தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் இவர்களால் அவற்றைத் தாண்டித் தாண்டி நன்றாக நடக்க முடிகிறது என்பதும், தாளம் கேட்டால் கால் எளிதில் எழுகிறது என்பதும் வெகுநாளாகவே மருத்துவர்கள் அறிந்தவை. உள்ளிருந்து வராத தூண்டுதல் வெளியிலிருந்து வருகிறது. என் தம்பி அடுக்களை வாசலில் வெள்ளை ஒட்டு நாடாவை மூன்று கோடுகளாக ஒட்டினான். அதைப் பார்த்ததும் அம்மாச்சி, கோலத்தை மிதிக்காமல் தாண்டுவதுபோல் காலைத் தூக்கி வைத்துப் போய்விட்டார்கள். நாங்கள் கைதட்டினோம். “கோலத்தை மிதிக்கக் கூடாதுன்னு எங்காத்தா அடிச்சிருக்கு” என்றார்கள். அறுபது ஆண்டுக்கு முந்தைய அடி!

சாவி இப்போது அவர்களிடமே இருக்கிறது. சீட்டுக் கணக்கை நான் எழுத, அவர்கள் வாயால் சொல்கிறார்கள். ‘இந்த மாதம் யார் யார் தரவேண்டும்?’ என்று கேட்டால் தடுமாறுகிறார்கள்; ‘மேலத் தெருவில் யார் தரவேண்டும்?’ என்று கேட்டால் உடனே வருகிறது. பதிலுக்குக் காத்திருக்க மட்டும் பழகவேண்டும். நான் மனத்துக்குள் இருபது வரை எண்ணுகிறேன். பெரும்பாலும் பதினைந்துக்குள் பதில் வந்துவிடும். எனக்குத்தான் பத்திலேயே பொறுமை போய்விடுகிறது.

கட்டுரையை முடித்து, ஆசிரியையிடம் கொடுக்குமுன் அம்மாச்சிக்குப் படித்துக் காட்டினேன். ஆறு மணி மாத்திரை சாப்பிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். தூங்கிவிட்டார்களோ என்று இரண்டு முறை நிறுத்தினேன். இரண்டு முறையும் “படி” என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு வெகுநேரம் பேசவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். பதினெட்டில் கண்ணைத் திறந்தார்கள்.

“பால் கருகினதை நோவு மேல எழுதியிருக்க. அன்னைக்கு நான் வாசல்ல மீன்காரம்மாகிட்டப் பேசிக்கிட்டு நின்னேன். அவ மருமக ஊருக்குப் போன கதை. அதை அடிச்சுட்டு எழுது.”

அடிக்கவில்லை. அவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.